தொட்டியில் ‘பப்பி’ என்று எழுதினால் போதுமா? நம் பட்டணத்து நாய்த் தீனி வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

நம் பட்டண வியாபாரிகள் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், நாய்த் தீனியைக் கிலோ கணக்கில் நிறுத்து விற்கும் கடை முதலாளிகளுக்கும், அவர்களுக்கு மூட்டை இறக்கும் மொத்த வியாபாரிகளுக்கும்,

“லேபல் பார்க்க வேண்டுமென்றால் முழு மூட்டையாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், சில்லறைக்கெல்லாம் லேபல் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது.” கிலோவாக வாங்கும் நாய்த் தீனிக்கும் லேபல் விவரம் தாருங்கள் என்று நாங்கள் சிலர் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதத்துக்கு உங்கள் கூட்டத்தில் எடுத்த முடிவு இதுதான் என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினீர்கள். எழுத்தில்கூடத் தரவில்லை. இந்த முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, அதனால்தான் ஊரே படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். தமிழ் படிக்காத கடைக்காரர்களுக்காக மலாயிலும் ஒரு பிரதி தனியாகத் தருகிறேன்.

முழு மூட்டை இருபது கிலோ. விலை நூறு வெள்ளிக்கு, அதாவது நூறு ரிங்கிட்டுக்கு, மேல். நம் மலேசியாவில் குறைந்தபட்ச சம்பளமே 1,700 வெள்ளி, அதிலும் வீட்டு வாடகை, மோட்டார் தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு போக மிஞ்சுவதில்தான் ஒரு தோட்டத் தொழிலாளி தன் நாய்க்கும் வாங்க வேண்டும். சம்பளம் போட்ட வாரம் இரண்டு கிலோ, மாசக் கடைசியில் ஒரு கிலோ, இப்படித்தான் நம் சனங்கள் வாங்குகிறார்கள், உங்களுக்கே தெரியும், உங்கள் தராசில்தான் நிறுக்கிறீர்கள். ஆக நீங்கள் எடுத்த முடிவுக்கு என்ன பொருள்? மூட்டையாக வாங்க வசதி உள்ளவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியலாம், கிலோவாக வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டியதில்லை என்பதுதானே?

நான் இந்தப் பக்கத்துத் தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகளை நிறுத்து அட்டையில் எழுதி, எடை ஏறவில்லை என்றால் தாயைக் கூப்பிட்டு என்ன கொடுக்கிறாய் என்று கேட்பதுதான் பல காலம் என் வேலையாக இருந்தது. நாய் வைத்தியம் எனக்குத் தெரியாது. ஆனால் வளர்கிற உடம்புக்குத் தீனி போதாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துப் பழகிய கண் இது.

என் பக்கத்து வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டுகிறவர். காலையில் காட்டுக்குள் போகும்போது பாம்பு, பன்றி என்று முன்னால் போய்க் குரைத்துக் காட்ட ஒரு நாய் வேண்டும் என்பதால் தன் மகன் தூக்கி வந்த கருப்புக் குட்டியை வைத்துக்கொண்டார். அந்தப் பையன் அதைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டான். உங்களில் ஒருவர் கடையில், மார்க்கர் பேனாவால் ‘பப்பி’ என்று எழுதிய நீலத் தொட்டியிலிருந்துதான் ஒவ்வொரு வாரமும் தீனி வாங்கினான். சின்னச் சின்ன உருண்டை, பார்த்தால் குட்டிக்கு என்று செய்தது மாதிரியே இருக்கும். அதோடு வீட்டில் கொஞ்சம் சோறும் வேக வைத்த கோழி ஈரலும் பிசைந்து வைப்பார்கள். குட்டி வயிறு நிறையத்தான் தின்றது. நாலு மாதத்தில் முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்து, பாதம் தட்டையாகி, எழுந்திருக்கும்போதே முனகத் தொடங்கியது. ஒரு நாள் வாசல் படியிலிருந்து குதித்தது, ஒரு முழ உயரம்கூட இருக்காது, பின்னங்கால் உடைந்துவிட்டது.

சுங்கைப் பட்டாணியில் மிருக டாக்டரிடம் கொண்டு போனோம். டாக்டர் எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுக் காட்டினார். எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில் சுற்றியிருக்கும் சதைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை, ஓரத்துச் சுவர் பென்சில் கோடு அளவுக்கு மெலிந்து கிடந்தது. சாப்பாட்டில் கால்சியம் போதாமல் பாஸ்பரஸ் கூடிப் போகும்போது கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி வேலையைத் தொடங்கி, ரத்தத்தில் குறையும் கால்சியத்தை எலும்பிலிருந்து உருவி ஈடுகட்டுகிறது என்று விளக்கினார். அப்புறம் கேட்டார்: “என்ன தீனி கொடுக்கிறீர்கள்? பாக்கெட்டைக் கொண்டு வந்தீர்களா?”

பையன் கையில் இருந்தது சிவப்பு நைலான் கயிறு கட்டிய ஒரு வெறும் பிளாஸ்டிக் பை. பெயர் இல்லை, தேதி இல்லை, ஒரு எழுத்து இல்லை. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

மறுநாள் நானே அந்தக் கடைக்குப் போனேன். கடைப் பையன் நல்ல பிள்ளை, பின்கட்டுக்குக் கூட்டிப் போய் அந்தத் தொட்டியை நிரப்புகிற மூட்டையைக் காட்டினான். தையலுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டுத்தான் படிக்க முடியும் என்கிற அளவு எழுத்தில் இருந்தது. வளர்ந்த நாய்களின் பராமரிப்புக்கு. புரதம் குறைந்தது 18 சதவீதம், கொழுப்பு குறைந்தது 6 சதவீதம், ஈரம் அதிகம் போனால் 12 சதவீதம். கால்சியம் பற்றி ஒரு வரிகூட இல்லை. குட்டி என்ற சொல் மூட்டையின் எந்தப் பக்கத்திலும் இல்லை. உருண்டை சின்னதாக இருக்கிறது என்பதற்காக அதைக் குட்டித் தீனி ஆக்கியது யார்? ‘பப்பி’ என்று எழுதியது மூட்டை செய்த கம்பெனி இல்லை, கடையில் மார்க்கர் பிடித்த கைதான். படம் எடுத்து வைத்திருக்கிறேன், கேட்டால் காட்டுகிறேன்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்று சிலருக்குத் தோன்றலாம், சொல்லிவிடுகிறேன். நம் கடைகளில் இருக்கும் பல மூட்டைகளில் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கத்தின் அளவுகோலைத்தான், ஆஃப்கோ என்பார்கள், மேற்கோள் காட்டியிருப்பார்கள். அந்த அளவுகோலில் நாய்க்கு இரண்டே பட்டியல். ஒன்று வளர்ந்த நாய்க்கு, இன்னொன்று வளரும் குட்டிக்கும் சினையாகவும் பாலூட்டிக்கொண்டும் இருக்கும் தாய்க்கும். தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் வளர்ந்த நாய்க்குப் புரதம் 18 சதவீதம் போதும், குட்டிக்கு 22.5 வேண்டும். கொழுப்பு 5.5 எங்கே, 8.5 எங்கே. கால்சியத்தில் இடைவெளி இன்னும் மோசம்: வளர்ந்ததற்கு 0.5 சதவீதம், குட்டிக்கு 1.2. பாஸ்பரஸ் 0.4, குட்டிக்கு 1.0. மீன் எண்ணெயில் கிடைக்கும் டிஎச்ஏ, இபிஏ என்ற கொழுப்புகள், மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டியவை, குட்டிப் பட்டியலில் மட்டும்தான் கட்டாயம்.

இப்போது அந்த மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரம் 12 போக மிச்சம் 88. 18-ஐ 88-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 20.5 கூட வராது. கொழுப்பு 7-க்கும் கீழே. அதாவது வளர்ந்த நாய்க்கு அது சரியான தீனி, எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். குட்டிக்கு அது எந்த வரியிலும் தேறவில்லை. கால்சியமோ, வளர்ந்த நாய்க்கான குறைந்தபட்ச அளவை ஒட்டி மட்டும் போட்டிருந்தால், குட்டிக்கு வேண்டியதில் பாதிகூட இல்லை. அதில் சோறும் ஈரலும் சேரும்போது இன்னும் நீர்த்துப் போகிறது, ஏனென்றால் ஈரலில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் மிக அதிகம். டாக்டர் தீனியை மட்டும் குற்றம் சொல்லவில்லை, சோறும் ஈரலும் சேர்ந்துதான் இப்படி ஆனது என்றார், அதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் சரியான குட்டித் தீனி என்று நம்பித்தானே அந்தப் பையன் மேற்கொண்டு கொஞ்சம் சோறு போட்டால் தப்பில்லை என்று நினைத்தான்?

உங்கள் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு பேச்சு, “ஊர் நாய்க்கு எதற்கு இவ்வளவு கணக்கு, அந்தக் காலத்தில் கஞ்சி குடித்து வளரவில்லையா” என்பது. அந்தக் காலத்தில் லயத்து நாய் கஞ்சியோடு நிறுத்தவில்லை. கோழித் தலை, மீன் முள், எலி, காட்டில் கிடைத்தது என்று எலும்போடு தின்றது, அப்படியும் ஒரு ஈற்றில் பிழைத்தது எத்தனை, செத்தது எத்தனை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இன்றைக்குக் கட்டிப் போட்டு வளர்க்கிற குட்டிக்கு நீங்கள் விற்கிற உருண்டைதான் மொத்த உலகமும். குழந்தைப் பால்மாவை டின்னிலிருந்து கொட்டி, எந்த வயதுக்கு என்று சொல்லாமல் கயிறு கட்டி விற்றால் எந்தத் தாய் வாங்குவாள்?

உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதும் அதே லேபலில்தான் இருக்கிறது. சேர்க்கும்போது இருந்த எடைப்படி, கூடுதலாக உள்ளது முதலில் வரும். இங்கேயும் படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும். பச்சைக் கோழியில் முக்கால்வாசிக்குக் கிட்டத்தட்ட தண்ணீர்தான், அதனால் ‘கோழி’ முதலில் நிற்பதைப் பார்த்து மயங்கக் கூடாது. காய்ந்த கோழித் தூள் இரண்டாவதோ மூன்றாவதோ நின்றாலும் அதிலிருந்து வரும் புரதம் கூடுதலாக இருக்கலாம். சோளத்தையே சோளம், சோளப் பசைப் புரதம், சோளத் தவிடு என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும், கூட்டினால் அதுதான் முதலிடம். அமெரிக்க விதிப்படி ‘கோழியுடன்’ என்று போட 3 சதவீதம் கோழி இருந்தால் போதும், ‘கோழிச் சுவை’ என்று போட அளவே கிடையாது, சுவை தெரிந்தால் சரி. இதெல்லாம் தெரியாமல் மூட்டை மேலிருக்கும் வறுத்த கோழிப் படத்தைக் காட்டி விற்கிறார்கள். இன்னொரு பக்கம், ‘தானியம் இல்லாதது’ என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்கிறார்கள். வேக வைத்த தானியம் நாய்க்கு நன்றாகவே செரிக்கும். பட்டாணி, பருப்பு நிறையச் சேர்த்த தானியமில்லாத தீனிகளுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரணையே தொடங்கியது, தொடர்பு உறுதியாகவில்லை என்றாலும், தானியம் இல்லை என்பது கூடுதல் காசு கொடுக்க ஒரு காரணம் ஆகாது. ஈரல், சிறுநீரகம், மண்ணீரல் மாதிரியான உறுப்புகள் ‘துணைப் பொருள்’ என்ற பெயரில் இருந்தால் முகம் சுளிக்கவும் வேண்டாம், அவற்றில் சத்து உண்டு. கேட்பதெல்லாம் இதை நாங்களே படித்துத் தீர்மானிக்க வழி விடுங்கள் என்பதுதான்.

தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். தகரக் கூரைக்குக் கீழே, மூடி சரியாகப் பொருந்தாத தொட்டி. தீர்வதற்குள் மேலே மேலே புது மூட்டையைக் கொட்டுகிறார்கள், அடியில் கிடப்பது எத்தனை வாரத்துச் சரக்கு என்று கடைக்காரருக்கே தெரியாது. நம் கெடாவில் புரட்டாசி, ஐப்பசி மழையில் சுவரே வியர்க்கிறது. காற்றும் சூடும் பட்டால் கொழுப்பு காறிப் போகும், விட்டமின் ஏ, ஈ இரண்டும் குறைந்துகொண்டே போகும். ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். சோளத்திலும் கடலையிலும் வளரும் ஒரு வகைப் பூஞ்சை அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது கல்லீரலைத் தாக்கும், வேக வைத்தாலும் போகாது, கண்ணாலும் மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவில் இதற்கு விதித்திருக்கும் வரம்பு நூறு கோடியில் 20 பங்கு. அந்த நாட்டிலேயே 2020 டிசம்பரில் ஒரு தயாரிப்பாளர் சரக்கைத் திரும்பப் பெற வேண்டி வந்து, நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் செத்ததாகப் புகார் பதிவானது. 2007-இல் வேறு கதை. கோதுமைப் பசைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தார்கள், ஏனென்றால் புரதத்தை நைட்ரஜனை அளந்துதான் கணக்கிடுகிறார்கள், மெலமைனில் நைட்ரஜன் நிறைய, சோதனையில் புரதம் கூடுதலாகக் காட்டும். சிறுநீரகம் கெட்டு நாய்களும் பூனைகளும் செத்தன.

அந்த இரண்டு தடவையும் நல்ல சரக்கையும் கெட்ட சரக்கையும் பிரித்துக் காட்டியது உறையில் அச்சடித்த தேதியும் தொகுதி எண்ணும்தான். இந்தத் தேதியோ எண்ணோ உள்ள சரக்கைக் கொடுக்காதே என்று அறிவித்தார்கள், வைத்திருந்தவர்கள் பார்த்து எடுத்துப் போட்டார்கள். நாளைக்கு அப்படி ஒரு அறிவிப்பு இங்கே வந்தால் சிவப்புக் கயிறு கட்டிய பையை வைத்துக்கொண்டு நாங்கள் எதைப் பார்ப்பது?

கால்சியம் மாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தக் குட்டியின் கதை பரவிய பிறகு சில கடைகளில் குட்டித் தீனி வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் ஒரு டப்பா கால்சியம் மாவையும் சேர்த்து விற்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், போய்ப் பார்த்தேன், உண்மைதான். இது வேறு வகையான கெடுதல். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குட்டியின் குடலுக்கு, வருகிற கால்சியத்தில் வேண்டாததைத் தடுத்து நிறுத்தும் திறமை சரியாக வந்திருக்காது. சரியான குட்டித் தீனியின் மேல் இந்த மாவைக் கொட்டினால், அதுவும் ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர் மாதிரிப் பெரிய சாதிக் குட்டிக்குக் கொட்டினால், எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். அதனால்தான் வளர்ந்தபின் 32 கிலோவுக்கு மேல் போகும் நாய்களின் குட்டிகளுக்குக் கால்சியத்தின் உச்ச வரம்பு 1.8 சதவீதம் என்று ஆஃப்கோ அளவுகோலில் தனியாகவே வைத்திருக்கிறார்கள். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல், இதை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் சொல்லக் கூடாது.

பெரிய செலவு ஆகும் என்றீர்களாம். மூட்டையில் அச்சடித்த பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டித் தொட்டியில் ஒட்ட என்ன செலவு? அதையே படம் எடுத்து நகல் போட்டால் ஒரு தாளுக்குச் சில காசு. நம் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இலேயே வந்துவிட்டது. இல்லாத தரத்தை, இல்லாத வகையை இருப்பதாகச் சொல்லி எந்தப் பொருளையும் விற்கக் கூடாது என்கிறது அது. வளர்ந்த நாய்த் தீனியைக் கொட்டி ‘பப்பி’ என்று எழுதுவது அதில் வராதா? பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி. உங்களை அங்கே இழுக்க எனக்கு ஆசை இல்லை. உங்களில் பலரிடம் நான் சின்ன வயதிலிருந்து கடன் வைத்து வாங்கியிருக்கிறேன், கஷ்ட காலத்தில் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்து அரிசி கொடுத்தவர்கள் உங்களில் உண்டு, அதை மறக்கவில்லை. அதனால்தான் முதலில் உங்களிடமே கேட்கிறேன்.

கடைக்கார முதலாளிகளே, முதல் கோரிக்கை உங்களுக்கு. குட்டிகளின் வளர்ச்சிக்கு என்றோ எல்லா வயதுக்கும் என்றோ மூட்டையில் அச்சடித்திருந்தால் மட்டும் அந்தத் தொட்டியில் ‘பப்பி’ என்று எழுதுங்கள், மற்றதில் இருக்கும் அந்தச் சொல்லை இந்த வாரமே அழியுங்கள். மூட்டையின் சத்துப் பட்டியல், சேர்மானப் பட்டியல், யாருக்கான தீனி என்ற வரி, தொகுதி எண், காலாவதி தேதி இவை உள்ள பகுதியை வெட்டித் தொட்டியின் முன்பக்கம் ஒட்டுங்கள், மூட்டை பிரித்த தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். கிலோவாக வாங்குகிறவர் பையில் அதன் நகல் ஒன்றைப் போட்டுக் கொடுங்கள். பழையது தீர்ந்து தொட்டியைத் துடைத்துக் காய வைத்த பிறகுதான் புதியதைக் கொட்ட வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் கால்சியம் மாவை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

மொத்த வியாபாரிகளே, ஒரு கிலோ, மூன்று கிலோ பாக்கெட்டில் குட்டித் தீனியை இந்தப் பட்டணத்துக்கும் இறக்குங்கள், பெரிய பட்டணங்களில் விற்கத்தானே செய்கிறீர்கள். கால்சியம், பாஸ்பரஸ் அளவு அச்சடிக்காத சரக்கானால் தயாரிப்பாளரிடம் கேட்டு எழுதி வாங்கி எங்களுக்குத் தெரியும்படி வையுங்கள்.

சங்கப் பொறுப்பாளர்களே, “முழு மூட்டை வாங்கிக்கொள்” என்ற முடிவை அடுத்த மாதக் கூட்டத்தில் திரும்பப் பெறுங்கள். அந்தக் கூட்டத்தில் எங்களில் இரண்டு பேரை உட்கார வைத்துப் பேச விடுங்கள், பையனும் அவன் அப்பாவும் வரத் தயாராக இருக்கிறார்கள், எக்ஸ்ரே படத்தையும் கொண்டு வருவார்கள். என்ன முடிவு எடுத்தாலும் இந்தத் தடவை எழுத்தில் கொடுங்கள். அந்தக் கூட்டம் முடிந்தும் பதில் வரவில்லை என்றால், மூட்டையின் படத்தோடு நடுவர் மன்றத்தில் மனுப் போடுவோம்.

இப்படிக்கு,
தோட்ட மருந்தகத்தில் டிரஸ்ஸராக இருந்த உங்கள் பழைய வாடிக்கையாளன்